மனக்காயத்துக்கும் மருந்துண்டு



1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டுகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். போர் 2009இல் ஓய்ந்தது. எனினும் இடி முழங்கினால் நடுங்குவோரும், நித்திரையில் அலறுவோரும் நம் வீடுகளில் இன்றும் உளர். இது கோழைத்தனமுமன்று, விசுவாசக் குறைவுமன்று. மனத்தில் பட்ட காயம். இதனை விளக்கவே பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் நூலை எழுதினார்.

இதற்குச் சிகிச்சை உண்டா? உண்டு. அவற்றுள் ஒன்று, அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பிரோ 1987இல் தொடங்கிய கண்ணசைவுச் சிகிச்சை. சிகிச்சையாளர் விரலை இடமும் வலமும் அசைப்பார். நோயாளி அதைக் கண்களால் தொடர்ந்தபடியே அக்கொடிய நினைவை மனத்தில் கொள்வார். பல அமர்வுகளின் பின் நினைவு இருக்கும். அதன் கொடுக்கு மழுங்கிவிடும். கண்ணசைவின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவரே இதைச் செய்யலாம், வீட்டில் பரீட்சிக்கலாகாது.

வீட்டார் செய்யக்கூடியது வேறு. "மறந்துவிடு" என்னாதீர்கள், சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அவர் தாமாகப் பேசும்போது குறுக்கிடாது கேளுங்கள். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் சீடரின் துயரை முதலில் கேட்டார், பின்னரே விளக்கினார்.

செபமாலையைக் கைவிடாதீர்கள், உளநல வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்படவும் வேண்டாம். இரண்டும் இறைவன் தந்த வழிகளே.