கைப்பேசிச் செயலிகளுக்கு அநுமதி அளித்தல்

2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்ட உழவன் செயலி, பாகலூர்ப் பக்கத்தில் ரோஜாவும் காய்கறிகளும் பயிரிடும் குடியானவர்களுக்கு விலை நிலவரம், வானிலை, மானிய விவரம் முதலியவற்றை அறிவிக்கும் சாதனமாகும். எந்தச் செயலியும் கைப்பேசியில் சில அநுமதிகளைக் கேட்பது வழக்கம். வேலைக்கு வேண்டிய அநுமதியை மட்டும் அளித்தல் நலம். வானிலை அறிய இருப்பிடமும், நோயுற்ற இலையைப் படம் பிடிக்கக் காமிராவும் உதவும். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அநுமதி இவற்றிற்கு வேண்டுவதில்லை.

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளில் குடியானவரின் பாங்கிக் கணக்கில் சேருகிறது. இத்திட்டத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலிகள் குறுஞ்செய்தி அநுமதியைக் கேட்கின்றன. அதை அளித்துவிட்டால் பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் மோசக்காரர் கைக்குச் சென்று, கணக்கிலுள்ள பணம் பறிபோகும்.

ஆகையால், செய்தியில் வரும் செயலியை ஏற்காமல், பிளே ஸ்டோரில் வெளியிட்டவர் பெயரைப் பார்த்தே இறக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் ஒவ்வொரு செயலியின் அநுமதிகளையும் அவ்வப்போது பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உதவியாளரிடமும் கொடுத்தலாகாது. அப்பெயரில் ஏறும் பதிவு அவர்கள் செய்ததாகவே கொள்ளப்படும். மோசம் நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல் அவசியம்.