நீம் நகரத்து முதலை

சிரஞ்சீவி சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிரெஞ்சு நகரங்களின் இலச்சினைகள் அடங்கிய புத்தகத்தில், தென் பிரான்ஸைச் சேர்ந்த நீம் என்னும் ஊருக்கு நேரே, பேரீச்ச மரத்தில் பொற்சங்கிலியால் பிணைக்கப்பட்ட முதலை ஒன்று செந்நிறத் தளத்தின்மீது வரையப்பட்டிருப்பதைக் கண்டு, அந்தப் பிரதேசத்து ஆறுகளில் முதலை உண்டா என்று கேட்டிருந்தாய். இல்லை. அந்தப் பிராணியும் மரமும் எகிப்து தேசத்துக்கு உரியவை; நீம் நகரத்தின் இலச்சினையில் அவை இடம்பெற்றது ஒரு பழைய வெண்கலக் காசின் மூலமாக.

ஜூலியஸ் சீஸரின் சுவீகார புத்திரனான ஆக்டேவியன், கி.மு. 31-இல் ஆக்டியம் முனையருகே நடந்த கடற்போரில் ஆண்டனியும் கிளியோபாட்ராவும் திரட்டிய கப்பற்படையை முறியடித்து, மறு ஆண்டே எகிப்தை ரோமாபுரியின் ஆட்சிக்கு உட்படுத்தி, பின்னர் அகஸ்டஸ் என்னும் பட்டத்தோடு சக்கரவர்த்தியாக விளங்கினான் என்பதை நீ சரித்திரப் பாடத்தில் படித்திருப்பாய். போரை முன்னின்று நடத்தி வெற்றியை ஈட்டித் தந்தவன் அவனுடைய சேனாதிபதி அக்ரிப்பா. அந்தச் சக்கரவர்த்தியின் காலத்தில் நீம் நாணயசாலையில் அடிக்கப்பட்ட காசின் ஒரு பக்கத்தில் இவ்விருவர் தலைகளும், ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் நோக்க, பிடரியோடு பிடரி சேர்ந்து நிற்கின்றன. அக்ரிப்பாவின் தலையில், கடற்போரில் வென்றவனுக்கு உரிய, கப்பல் முகப்புகள் பதித்த கிரீடம். மறுபக்கத்தில் முதலை, சங்கிலி, பேரீச்ச மரம், நாடா பறக்கும் வெற்றி வாகை. மரத்தின் இருமருங்கிலும் ‘கோல்’, ‘நெம்’ என்னும் எழுத்துச் சுருக்கங்கள். நெமௌசஸ் என்னும் ரோமானியக் குடியேற்ற நகரம் என்பது அவற்றின் பொருள். சில்லறை தேவைப்பட்டபோது ஜனங்கள் இக்காசை இரண்டாக வெட்டி அரைக்காசாக வழங்கினார்கள். ஒரு பாதியில் சக்கரவர்த்தியும் மறுபாதியில் சேனாதிபதியுமாகப் பிரிந்துபோன துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

எகிப்துப் போரில் ஊழியம் செய்த வீரர்களுக்கு அகஸ்டஸ் இவ்வூரில் நிலம் வழங்கிக் குடியேற்றினான் என்றும், அவர்களுடைய நினைவாகவே முதலை பொறிக்கப்பட்டது என்றும் ஓர் ஐதிகம் வெகுகாலமாக வழங்கி வருகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் அதை நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காசு நீம் நகரத்தோடு நின்றுவிடவில்லை. அன்று கால் என்று வழங்கிய பிரான்ஸ் தேசமெங்கும் பரவி, ரைன் நதிக்கரைப் பாசறைகள்வரை சென்றிருக்கிறது. சக்கரவர்த்தியின் விஜயத்தைச் சேனைகளுக்கும் பிரஜைகளுக்கும் ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருந்த காசு அது. எகிப்தை வென்றதை அறிவிக்க ரோமாபுரி முதலை உருவத்தைப் பொறித்த வெள்ளிக் காசும் அக்காலத்தில் உண்டு. ஆகையால் அது சாம்ராஜ்யத்தின் பொதுச் சின்னமேயன்றி, அவ்வூருக்கு மட்டும் உரிய ஞாபகமன்று என்பதே என் அபிப்பிராயம்.

காசிலிருந்து கேடயத்துக்கு முதலை வந்து சேர ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. முதலாம் பிரான்சுவா மன்னன் 1516-இல் நீம் நகருக்கு அளித்த இலச்சினையில் இருந்தது பொன்னிறக் காளை. ஆனால் ரோமானிய அரங்கமும், இன்று சதுர மாளிகை என்று வழங்கும் பழைய ஆலயமும் கண்ணெதிரே நிற்க, மண்ணைத் தோண்டுந்தோறும் பழங்காசுகள் கைக்கு வர, பிராசீன கலைகளின்மீது மோகம் பெருகியிருந்த அக்காலத்து நகர மக்களுக்குக் காளை போதவில்லை. 1533-இல் மன்னன் அவ்வூருக்கு விஜயம் செய்து சென்றபின், தங்கள் காசில் உள்ள உருவத்தையே சின்னமாகத் தரவேண்டும் என்று விண்ணப்பித்து, 1535-இல் அந்த உரிமையைப் பெற்றார்கள். இன்றும் அவ்வூர் நகர மன்றத்து மாடிப்படிகளுக்கு மேலே, பதப்படுத்திய முதலைகள் நான்கு கூரையிலிருந்து தொங்குகின்றன.

இலச்சினையைக் காணும்போது அதில் வரைந்த நிகழ்ச்சி எக்காலத்தது என்பதோடு நின்றுவிடாமல், அதை விரும்பிக் கேட்டவர்கள் யார், எக்காலத்தவர் என்பதையும் விசாரிக்க வேண்டும். நீம் நகரத்து முதலை அகஸ்டஸைப் பற்றிச் சொல்வதைவிட, ரோமாபுரியின் வாரிசுகள் என்று கீர்த்தி பெற விரும்பிய பதினாறாம் நூற்றாண்டு வணிகர்களையும் பண்டிதர்களையும் பற்றி அதிகமாகச் சொல்கிறது.

இன்னொன்றையும் நீ கவனிக்க வேண்டும். அங்கே கட்டுண்டு கிடப்பது வெறும் மிருகமன்று, ஒரு தேசம். பிற நாட்டார் பிணித்த சங்கிலியின் கனத்தை நேற்றுவரை அறிந்திருந்த நாம், அந்தச் சித்திரத்தை அலங்காரமாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. ரோமானியர் வருமுன் அவ்வூர் மக்கள் வழிபட்டது, குன்றடியில் சுரக்கும் ஊற்றுக்கு அதிபதியான நெமௌசஸ் என்னும் தெய்வத்தை. ஊருக்குப் பெயரும் அத்தெய்வமே தந்தது. கேடயத்தில் முதலை எகிப்தினுடையது. சங்கிலியும் வாகையும் ரோமாபுரியினுடையவை. ‘நெம்’ என்னும் மூன்று ரோமானிய எழுத்துகள் மட்டுமே அந்த மண்ணுக்குச் சொந்தம்.

அடுத்த கடிதத்தில் பாரிஸ் நகரத்து இலச்சினையில் உள்ள கப்பலைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் ஸேன் நதியின் படகு வணிகர் சங்கத்தைப் பற்றி உங்கள் பள்ளி நூல்நிலையத்தில் கிடைப்பதைப் படித்து வை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா