கட்டத்துக்குள் ஒரு கணக்கு

நிகழ்தகவு என்றதும் நாணயமும் பகடையும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. மனிதர்களைப் பற்றிய கணக்கெடுப்பிலும் அதற்கு இடமுண்டு. எப்படி என்று காண்போமா?

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கியது. அவ்வாண்டே பிரிட்டனில் நடந்த விசாரணையின் அறிக்கை, பயணிகளை வகுப்பு வாரியாகக் கணக்கிட்டுத் தந்தது. அதிலிருந்து பெண்களையும் சிறுமியரையும் மட்டும் எடுத்து ஓர் இருவழி அட்டவணை அமைப்போம்.

வகுப்பு – பிழைத்தோர் – இறந்தோர் – மொத்தம்
முதல் – 141 – 4 – 145
இரண்டாம் – 93 – 13 – 106
மூன்றாம் – 90 – 106 – 196
மொத்தம் – 324 – 123 – 447

இந்த 447 பேரில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம் எனக் கொள்வோம். அவர் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தவராகவும், இறந்தவராகவும் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? இரண்டும் சேர்ந்து நிகழ வேண்டுவதால் இது கூட்டு நிகழ்தகவு. மூன்றாம் வகுப்பு நிரையும் இறந்தோர் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் 106 உள்ளது. அதை முழு மொத்தமாகிய 447ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.24. இவ்வாறே ஆறு கட்டங்களுக்கும் கண்டு கூட்டினால் 1 வரும். இதுவே விடையைச் சரிபார்க்கும் வழி.

நாம் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, 106ஐ 196ஆல் வகுத்துவிடுவது. அப்போது கிடைக்கும் 0.54, மூன்றாம் வகுப்பினரை மட்டும் பற்றிய வேறொரு வினாவுக்கு விடையாகும்.

இரண்டாவது, ஓரத்திலுள்ள மொத்தங்களைக் கொண்டு பெருக்கிவிடுவது. 196/447 × 123/447 = 0.12. இப்பெருக்கல் சார்பிலா நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். உண்மை விடையோ இதைப்போல் இரு மடங்கு! ஆகவே பயணம் செய்த வகுப்புக்கும் உயிர் பிழைத்தலுக்கும் தொடர்பு இருந்தது என்பது தெளிவு. தொடர்பு இல்லாதிருந்தால் மூன்றாம் வகுப்பில் ஏறத்தாழ 54 பேர் இறந்திருப்பர். இறந்தவர் 106 பேர்.

பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றுங்கள் என்பதே அன்று கப்பலில் இடப்பட்ட கட்டளை. அக்கட்டளை எல்லாருக்கும் ஒன்றுபோல் பயன்படவில்லை என்பதை ஒரு பெருக்கல் நமக்குக் காட்டிவிட்டது.

அறிக்கையின்படி, அந்த 106 பேரில் 17 பேர் சிறுமியர். தோழியரே, இனி அட்டவணையைக் காணும்போது மொத்தத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பார்ப்போம். அங்கே இருப்பவை எண்கள் மட்டுமல்ல.