சக்கரத்தை வெளியே தள்ளினால்...

எங்கள் தெருவில் வாழைத்தார் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரரான இளைஞர் சென்ற ஆண்டு முன்சக்கரங்கள் இரண்டையும் மட்கார்டுக்கு வெளியே தெரியும்படி தள்ளிப் பொருத்திக்கொண்டார். "பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, சார்!" என்பதுதான் அவர் சொன்ன காரணம். நான்கு மாதம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றியபோது, உள்ளேயிருந்த ஆறு போல்ட்டுகளில் இரண்டு முறிந்திருந்தன. முறிந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி எங்கள் ஆய்வுக்கூட மேசையில் வைத்திருக்கிறேன். அது ஏன் முறிந்தது என்று அறிய உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள இயற்பியலே போதும்.

டயர் உட்காரும் வளையத்தின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சக்கரத்தின் நடுத்தட்டு ஹப்பைத் தொடும் முகம் மற்றொரு தளம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே 'ஆஃப்செட்'. தொடும் முகம் நடுத்தளத்திற்கு வெளிப்பக்கமாக இருந்தால் அது நேர்க்குறி. வண்டியின் உட்பக்கமாக இருந்தால் எதிர்க்குறி. பல சக்கரங்களில் 'ஈ.டி. 30' என்பது போலப் பொறித்திருப்பார்கள். 30 மில்லிமீட்டர் நேர் ஆஃப்செட் என்று பொருள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தடித்த உலோகத் தட்டுதான் 'ஸ்பேசர்'. 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், ஈ.டி. 30 சக்கரம் ஈ.டி. 0 சக்கரத்தைப் போல வெளியே வந்து நிற்கும்.

மூன்று சென்டிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். முன்சக்கரம் இரண்டு பேரிங்குகளின் மேல் சுழல்கிறது. அவற்றுக்கு இடையே 5 செ.மீ. தூரம் என்றும், தரை சக்கரத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை 5,000 நியூட்டன் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த விசை இரண்டுக்கும் நட்டநடுவே செயல்பட்டால் ஆளுக்கு 2,500 நியூட்டன். இப்போது விசையை 3 செ.மீ. வெளியே நகர்த்துங்கள். உள் பேரிங்கைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால், வெளி பேரிங்கின் பங்கு 5,000 × 5.5 ÷ 5 = 5,500 நியூட்டன். மொத்தச் சுமையைவிட அதிகம்! உள் பேரிங்கோ 500 நியூட்டனுடன் எதிர்த்திசையில் இழுபடுகிறது. ஏற்றப்பலகையின் ஓர் ஓரத்துக்கு அப்பால் ஆள் உட்கார்ந்தால் நடப்பது இதுதான்.

குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. உருளை பேரிங்கில் இன்னும் சற்று வேகமாகக் குறையும். சுமை 2.2 மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உண்மை வண்டியில் இவ்வளவு மோசமாவதில்லை. வளைவுகளையும் பள்ளங்களையும் எண்ணித்தான் பேரிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கையிருப்பிலிருந்துதான் நாம் செலவழிக்கிறோம். ஸ்டீயரிங்குக்கும் தொல்லைதான்: சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடு விலகிப்போவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலே கைக்கு வெட்டு அடிக்கும்.

ஸ்பேசருக்குப் பதிலாக ஈ.டி. 0 சக்கரத்தையே வாங்கி மாட்டினால்? பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. அதே 30 மி.மீ.தான். போல்ட்டுகள்தாம் தப்பிக்கும்.

வண்டியின் பாரத்தைப் போல்ட்டுகள் தாங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது உராய்வு! 12 மி.மீ. போல்ட்டின் நட்டை 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், பொறியியலார் கையாளும் எளிய சூத்திரப்படி (இறுக்கும் திருப்புத்திறனை விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுக்க வேண்டும்) அது சுமார் 45,000 நியூட்டன் விசையுடன் சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. ஆறுக்கும் 2,70,000. உராய்வுக் குணகத்தை 0.15 என்று எடுத்தாலும் 40,000 நியூட்டன் வரை சக்கரம் வழுக்காது. நம் சுமையோ வெறும் 5,000.

நட்டு தளர்ந்தால் இந்த உராய்வு போய்விடுகிறது. அப்போதுதான் போல்ட் சுமையைத் தாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இப்படியும் அப்படியும் வளைகிறது. டயரின் ஆரம் 35 செ.மீ. என்றால் சுற்றளவு 2.2 மீட்டர், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 வளைவு. நூறு கிலோமீட்டரில் 45,000! கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அதே 'உலோகச் சோர்வு' இது.

நண்பரின் ஸ்பேசரை ஹப்போடு பிணைத்த ஆறு நட்டுகளும் சக்கரத்துக்குப் பின்னே மறைந்திருந்தன. புதிதாகப் பொருத்திய நட்டுகளை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். தட்டின் பெயிண்டும் துருவும் நசுங்கி அழுத்தம் குறைந்திருக்கும். அவர் வெளியே தெரிந்த ஆறை மட்டும் ஒழுங்காக இறுக்கி வந்தார்.

மேசையிலுள்ள துண்டின் முறிந்த முகத்தை உருப்பெருக்கியால் பார்த்தால், முக்கால் பங்கு வழவழப்பாக இருக்கிறது. ஈர மணலில் அலைகள் விட்டுச் சென்ற கோடுகளைப் போல அதில் வளைவு வளைவாக வரிகள். விரிசல் சிறிது சிறிதாக முன்னேறிய தடங்கள் அவை. மிச்சக் கால் பங்குதான் சொரசொரப்பு. அது ஒரே நொடியில் முறிந்த பகுதி. எஞ்சிய நான்கு போல்ட்டுகளின் பிடியில் எத்தனை நாள் அந்த வண்டி வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குப் போய் வந்ததோ!