கார்டில் பணம் போனால் முதல் மூன்று நாட்கள்



கிரெடிட் கார்டு வைத்துக்கொள்ளலாமா என்ற மார்க்கக் கேள்வியை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் நம் மஹல்லாவில் பல வீடுகளுக்குள் கார்டு வந்துவிட்டது. வந்த பிறகு, அதன் எண்ணும் ஓடிபியும் அந்த வீட்டாரிடம் உள்ள அமானத் ஆகிவிடுகின்றன.

இந்த மோசடியில் பெரும்பாலும் கார்டை யாரும் திருடுவதில்லை. கார்டு பர்ஸிலேயே இருக்கும், பணம் போய்விடும். "பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்று இரவோடு முடிகிறது" என்பார்கள். "கார்டில் 48,000 ரூபாய்க்கு யாரோ பொருள் வாங்குகிறார்கள், அதை ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்" என்பது இன்னொரு வகை. முதலாவது ஆசையைத் தொடும், இரண்டாவது பயத்தைத் தொடும். இரண்டிலும் அவசரம் இருக்கும். அந்த ஓடிபி வந்த குறுஞ்செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், எவ்வளவு தொகை, எந்த நிறுவனத்துக்கு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ரத்து செய்ய அல்ல, செலவு செய்யத்தான் அந்த எண் என்று புரிந்துவிடும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் போனை வைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளையிடம் காட்டிவிட்டு முடிவு செய்யட்டும். ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதை விசாரித்துத் தெளிவுபடுத்திக்கொள்ள ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. போனில் வரும் செய்திக்கும் அது பொருந்தும்.

ஓடிபியைச் சொல்லாமலேயே பணம் போகும் வழியும் உண்டு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதச் சலான் என்றோ ஒரு ஃபைல் வரும். அதன் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதை இன்ஸ்டால் செய்து, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால் நம் குறுஞ்செய்திகளை அது அங்கிருந்தே படித்துவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்க வேண்டாம். அவருடைய போனே மோசடிக்காரர் கையில் சிக்கியிருக்கலாம்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபியே கேட்பதில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்க எண் இருந்தால் போதும். ஆகவே டிக்கெட் போட என்று யார் கேட்டாலும் கார்டின் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. பயண நாட்களில் மட்டும் திறந்து, ஊர் திரும்பியதும் மூடிவிடலாம்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஏமாந்தவர் அதை வீட்டில் மறைக்கிறார். சவூதியிலோ துபாயிலோ இருக்கும் கணவர் திட்டுவாரே என்று மனைவி பேசாமல் இருக்கிறார். பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று வாப்பா மறைக்கிறார். அடுத்த மாத பில் வரும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய உரிமை கைவிட்டுப் போகிறது.

அந்த உரிமை என்ன? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல், வெளியார் செய்த மோசடியில் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் நமக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நம் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு நாம் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாட்களைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால்? புகார் செய்யும் வரை போன பணம் நம் பொறுப்பு, புகார் செய்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. மோசடிக்காரர்கள் ஒரே தடவையில் நிறுத்துவது அரிது. அதனால் தவறு செய்தவருக்கும் சீக்கிரம் சொல்வதில்தான் லாபம்.

வட்டிக்கு அஞ்சும் நமக்கு இன்னொரு விதியும் முக்கியம். மோசடி என்று நாம் மறுத்த தொகைக்கு, விசாரணை முடியும் வரை எந்தக் கட்டணமும் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் சொல்கிறது. பேசாமல் இருந்துவிட்டால், செய்யாத செலவுக்கு வட்டியும் ஏறும்.

ஆகவே வீட்டில் யாராவது "பணம் போய்விட்டது" என்று சொன்னால், அந்த நேரத்தில் திட்டாதீர்கள். முதலில் செயலியில் கார்டை பிளாக் செய்யுங்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுளில் தேடி வரும் கஸ்டமர் கேர் எண்களை நம்ப வேண்டாம், அவற்றில் போலிகள் உண்டு. அடுத்து 1930க்கு அழையுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் தகவல் கிடைத்தால் அதை முடக்கி வைக்க வழியுண்டு. வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

வங்கிக்கு எழுத்து மூலம் புகார் எழுதத் தெரியாதவர்கள் கார்டு பில், குறுஞ்செய்தி இரண்டையும் எடுத்துக்கொண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எழுதித் தருகிறோம். ஓடிபி, பின் நம்பர் எதையும் எங்களிடமும் சொல்ல வேண்டியதில்லை.