ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பயணத்துக்குச் சில குறிப்புகள்

1. சென்னையிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. மெரைன் கிங்டம் மீன் காட்சியகம். பிள்ளைகள் அடம்பிடித்தாலும் போகும்போது நிறுத்தாதீர்கள். ஏ.சி. இடம், திரும்பும் வழியில் உச்சிவெயிலுக்கு ஒதுங்க உதவும். காலை நேரம் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத்தான்.

2. வெயில் ஏறுமுன் போனால் முதலைகள் கரையில் வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்க்கலாம். கோபமில்லை, உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி அது. மதியம் போனால் தண்ணீருக்கு மேல் கண்ணும் மூக்கு நுனியும்தான் மிஞ்சும். நீண்டு ஒல்லியான மூக்கு என்றால் மீன் தின்னும் கரியால்; அகன்றிருந்தால் நம் ஊர் ஆறு, ஏரிகளில் வாழும் முதலை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய பண்ணை இது. முதலை அசையவில்லையே என்று கல் எறிபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளைகளை விட்டே கண்டிக்கச் சொல்லுங்கள். திங்கள் விடுமுறை.

3. அதே பண்ணையில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு விஷம் எடுக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

4. வழியில் சாப்பிடக் கட்டும் தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் கலந்தால் மதியம் வரை புளிக்காது. புளியோதரை இருந்தால் கவலையே இல்லை.

5. மெரைன் கிங்டத்தில் மீன் தொட்டியைப் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம். மீனுக்கும் தொல்லை, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிதான் விழும். செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கருப்புச் சட்டை போட்டிருந்தால் உங்கள் பிம்பம் குறுக்கே வராது.

6. புதுச்சேரி வரை போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில்தான் கழுவேலி ஏரி. மழைக்காலம் முடிந்த மாதங்களில் வலசைப் பறவைகள் வந்திருக்கும். பைனாகுலர் அவசியம்.

7. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடற்கரைக்குப் போனால் டார்ச் அடிக்காதீர்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமை வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.

8. ஈரக் காலில் ஒட்டிய மணலைத் துடைத்தால் போகாது. முகப் பவுடரைத் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும்.

9. பாதத்தில் கரிய தார் ஒட்டியிருந்தால் சோப்பைத் தேய்த்துப் பயனில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்துப் பழந்துணியால் துடையுங்கள். சோப்பு அதற்கப்புறம். காருக்கு அடியிலும் மறுநாள் நல்ல தண்ணீர் பீய்ச்சிவிடுங்கள். உப்புக் காற்று தகரத்தைச் சும்மா விடாது.