தகரக் கூரைக்குள் லைன் வருமா?



போன ஆடி மாதம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தபோது பாட்டி ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்போம். எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது, ஆனா ஒருத்தருக்கும் லைன் இல்லை. கடைசியில் ஒரு தம்பி வாசலைத் தாண்டி அரச மரத்தடிக்கு ஓடிப்போய்த்தான் 999க்கு அழைத்தான். பாட்டி இப்போது நலம். ஆனா அந்தச் சில நிமிடங்களை யாரும் மறக்கவில்லை.

"இது காட்டுப்பக்கம், இங்க அப்படித்தான்"னு பெரியவங்க சொன்னாங்க. அது பாதி உண்மைதான். மரத்தடியில் கிடைக்கிற லைன், பத்து அடி தள்ளி மண்டபத்துக்குள் ஏன் கிடைக்கவில்லை? அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

1. தகரம் என்ன செய்கிறது?

1836இல் மைக்கேல் ஃபாரடே என்ற அறிவியலாளர் 12 அடி அளவில் ஓர் அறை செய்து, அதை உலோகத் தாளால் மூடி, மின்மானியோடு உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே பெரிய மின்பொறிகள் வெடித்தன. உள்ளே மின்மானி அசையவே இல்லை. உலோகம் சுற்றிலும் இருந்தால் மின்புலம் அதன் மேற்பரப்போடு நின்றுவிடும். கைப்பேசி அலையும் அப்படித்தான். தகரத்தில் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மிச்சம் தலைமுடி பருமன்கூட இல்லாத ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் உள்ளே வருகிற கொஞ்சம் லைன் எப்படி வருகிறது? கதவு, ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், 1800க்கு சுமார் 17, 2600க்கு சுமார் 12. திறப்பு அலைநீளத்தில் பாதியாவது இருந்தால்தான் அலை நன்றாக நுழையும். ஆணி ஓட்டை வழியாக வெயில் வரும், லைன் வராது.

சூடு தெரியாமல் இருக்க, கூரைக்கு அடியில் பளபளன்னு அலுமினியத் தாள் அடித்திருப்பார்கள். அது இரண்டாவது தகரம் மாதிரி.

2. முதலில் அளந்து பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீங்க. ஆண்ட்ராய்டில் அமைப்புக்குள் 'கைப்பேசி பற்றி', 'சிம் நிலை' என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழையுங்கள்.

எண் எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். 4ஜியில் -80 என்றால் அருமை, -100 என்றால் சமாளிக்கலாம், -115க்குக் கீழே போனால் சிரமம். எங்கள் மண்டப வாசலில் -92, உள்ளே நடுவில் -112. "வெறும் 20 தானே"னு நினைக்காதீங்க. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு! லைன் குறைவாக உள்ள இடத்தில் கைப்பேசி முழு சக்தியோடு கத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதுதான் காரணம்.

கட்டடத்தைச் சுற்றி வந்து எட்டு இடத்தில் எண்ணை எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் நல்ல எண் வருகிறதோ, லைன் அந்தப் பக்கமிருந்துதான் நன்றாக வருகிறது.

3. நாங்கள் செய்யப் பார்த்த தப்பு

முதலில் இணையத்தில் மலிவாக விற்கும் 'பூஸ்டர்' வாங்கத்தான் பணம் சேர்த்தோம். விரிவுரையாளர் ஒருவர் தடுத்துவிட்டார். அனுமதி இல்லாத பூஸ்டரைப் பயன்படுத்துவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம்.

காரணம் புரிய வேண்டுமா? கோயில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ'னு கத்துமே, அதே கதைதான். பூஸ்டர் அனுப்புகிற அலை அதன் காதுக்கே திரும்பிவந்தால் அதுவும் கத்தும். ஆனால் அந்தக் கத்தல் கோபுரத்துக்குப் போய்ச் சேரும். நம் ஒரு மண்டபத்துக்காகச் சுற்றுவட்டாரமே லைன் இழக்கும்.

4. சரியான வழி: காதை வெளியே வையுங்கள்

அலை உள்ளே வரமாட்டேன் என்றால், அண்டெனாவை வெளியே வைத்து, இணையத்தைக் கேபிள் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும்.

• வெளிப்புறத்துக்கென்றே செய்த 4ஜி ரவுட்டரை, நல்ல எண் வந்த பக்கம், கூரை விளிம்புக்கு மேலே ஒரு கம்பத்தில் பொருத்துங்கள். எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

• அங்கிருந்து லேன் கேபிளை உள்ளே இழுங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும். சாதாரண ரவுட்டரை உள்ளே வைத்து, அண்டெனாவை மட்டும் வெளியே வைப்பதாக இருந்தால் கேபிள் குட்டையாக இருக்கட்டும். மெல்லிய அண்டெனா கேபிளில் 10 மீட்டருக்குள் பாதிக்கு மேல் போய்விடும்.

• உள்ளே ஒரு வைஃபை கருவி போதும். வெளி அலையைத் தடுத்த அதே தகரம், வைஃபை அலையை மண்டபத்துக்குள்ளேயே திருப்பித் திருப்பி அனுப்பும்.

• கைப்பேசியில் 'வைஃபை அழைப்பு' வசதியை முடுக்கினால் சாதாரண அழைப்பும் வைஃபை வழியாகப் போகும். உங்கள் நிறுவனத்திடம் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாயம், அதை உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் போட வேண்டும். இன்னொன்று, உயரமாக இருக்கிறதே என்று விமானத்திலோ கலசத்தின் பக்கத்திலோ கட்டிவிடாதீங்க. கோயில் நிர்வாகத்திடமும் குருக்களிடமும் கேட்டு, மண்டபத்தின் பக்கவாட்டில் வையுங்கள்.

5. காசு இல்லை என்றால்?

லைன் வரும் பக்கத்துச் சுவரில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போடுங்கள். வெளிச்சமும் வரும், லைனும் வரும். இன்னும் எளிய வழி: ஒரு கைப்பேசியை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். வெளியிலேயே எண் -115க்குக் கீழே என்றால் தகரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அளந்த எண்களோடு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் எம்சிஎம்சிக்கும் புகார் எழுதுங்கள். "லைன் இல்லை" என்பதை விட, "இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த எண்" என்பதற்கு மதிப்பு அதிகம்.

எங்கள் மண்டபத்தில் இப்போது வைஃபை இருக்கிறது. சனிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் எஸ்பிஎம் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனாலும் மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். அதனால் வாசல் பக்கம், நல்ல எண் வந்த இடத்தில், தரையில் மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டு "அவசர அழைப்பு: 999" என்று எழுதிவைத்தோம். செலவு ஒரு டின் பெயிண்ட். முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

செய்து பாருங்கள்

1. கைப்பேசியைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, நண்பரை அழைக்கச் சொல்லுங்கள். அடித்தால், அலை எந்த வழியாக நுழைந்தது?

2. உங்கள் கோயில் அல்லது மண்டபத்தைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்து வரைபடம் போடுங்கள்.

3. உங்கள் ஊரில் மஞ்சள் வட்டம் எங்கே வரவேண்டும்? அடுத்த கூட்டத்தில் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.